பழைய அம்பாசடரில் ஹெட் கேஸ்கட் மாற்றிய அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1984-ஆம் ஆண்டுத் தயாரிப்பான மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி. அதன் 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனம் 1940-களில் உருவாக்கி, பின்னர் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் என்று பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடிய அதே எஞ்சின்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவிலிருந்து வந்த அம்பாசடர்களில் பல்லாண்டுகள் ஓடியது. சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும் அதை மேலிருந்து மூடும் ஹெட்டும் இரண்டுமே வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட் உள்ள பிற்கால எஞ்சின்கள் ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளைந்துவிடக்கூடும். இந்த எஞ்சினின் ஹெட் அவ்வளவு எளிதில் வளையாது. ஆகவே இதில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றால், கேஸ்கட்டைக் குறை சொல்வதற்கு முன் அதை எரித்த சூடு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. கேஸ்கட்டை மாற்றும் வேலை அதைவிடச் சிறியது.

கோவையைச் சுற்றிய சமவெளிச் சாலைகளில் வண்டி எந்தத் தொந்தரவும் தரவில்லை. மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் மலைச் சாலையில் ஏறத் தொடங்கினால்தான், கல்லாறு கடந்து சற்று நேரத்தில் சூடு காட்டும் முள் மேலே போய்விடும். இதற்கு எஞ்சினின் உழைப்பு ஒரு காரணம் என்றால், மலையின் உயரம் இன்னொரு காரணம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் திறந்த பாத்திரத்தில் உள்ள தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்தால், அதே உயரத்தில் கொதிநிலை 105 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் இறுகி, அழுத்தம் நிற்காமல் போனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரிப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். சமவெளியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை மலையில் மட்டும் வெளிப்படுவது இதனால்தான்.

தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது, ஆனால் நிறுத்தி வைத்த வண்டியின் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், தண்ணீர் கலந்தால் படியும் பால் காப்பி நிறக் குழம்பும் இல்லை. இந்த மூன்றும் இல்லாததால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்தில் நான் அறிந்த ஒரு மூத்த மெக்கானிக் மட்டும், "தம்பி, ஹெட்ட அப்புறமா தூக்கிக்கலாமுங்க, மொதல்ல தண்ணி எந்த வழியாப் போகுதுன்னு பாருங்க" என்றார். அவர் சொன்னபடி, காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடியைப் போடாமல் சில நிமிடங்கள் மட்டும் எஞ்சினை ஓடவிட்டோம். வாட்டர் பம்ப் சுழலாததால் தண்ணீர் அசையாமல் இருக்க வேண்டும். ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. சிலிண்டருக்குள் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் நுழைகிறது என்பதற்கு அதுவே சான்று. மலை ஏறும்போது அந்த வாயு தண்ணீரைத் தள்ளி, மூடியின் வழியாகச் சிறு வழிவுக் குழாயில் சாலையிலேயே கொட்டிவிடுகிறது. வீட்டில் நிற்கும்போது ஈரம் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராக அளந்தபோது ஒன்றும் நான்கும் 120 பி.எஸ்.ஐ.க்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டுக்கு, அருகில் நின்றன. இரண்டும் மூன்றும் 80-ஐக்கூடத் தொடவில்லை. குறைந்த சிலிண்டர்களில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தோம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அளவு உயரும், இங்கே உயரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றாகக் குறைந்து, ஆயில் விட்டும் உயராமல் இருந்தால், அவற்றுக்கு இடையே உள்ள கேஸ்கட் பாலம் எரிந்திருக்கும் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். பி-சீரிஸ் ஹெட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் அருகருகே அமைந்து, ஒரே பொதுப் பாதையில் புகையை வெளியேற்றுகின்றன. எஞ்சினிலேயே அதிகச் சூடு குவியும் இடம் அது. கேஸ்கட் அங்கே முதலில் எரிவதில் வியப்பில்லை.

சூடு காட்டும் மீட்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அதன் உணர்முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால், முள் மேலே போவதற்குப் பதிலாகச் சட்டென்று கீழே இறங்கலாம். ஏற்றத்தில் மேலே நின்ற முள் காரணமின்றி இறங்கினால் நிம்மதி அடையக்கூடாது. உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும்.

ஹெட்டைக் கழற்றும் முன் ரேடியேட்டரின் அடிக் குழாயோடு, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயையும் திறக்க வேண்டும். எங்கள் வண்டியில் அதைத் திறந்தும் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பி விட்டுக் குத்திய பிறகுதான் செந்நிறச் சேறு வழிந்தது. பல ஆண்டுத் துரு பின்பக்கத்து நான்காம் சிலிண்டரைச் சுற்றிய தண்ணீர் அறையில் படிந்து கெட்டியாகியிருந்தது. கொதிப்பதற்கான முதல் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

இந்த எஞ்சினில் ஹெட்டைப் பிடிக்கும் நட்டுகளில் நான்கு, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்கள் அமர்ந்த ராக்கர் ஷாஃப்ட்டின் தாங்கிகளையும் சேர்த்தே பிடிக்கின்றன. ராக்கரை மட்டும் கழற்றலாம் என்று அந்த நான்கையும் முதலில் முழுக்கத் தளர்த்தினால், ஹெட் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டு வளைய வாய்ப்பு உண்டு. அதனால் எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, எல்லா நட்டுகளையும் இறுக்கும் வரிசைக்கு நேர்மாறாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினோம். ராக்கர்களைக் கீழிருந்து தள்ளும் எட்டுப் புஷ் ராடுகளையும் ஓர் அட்டையில் துளையிட்டு எண் எழுதி அதே வரிசையில் செருகி வைத்தோம். அவற்றை மேலே இழுக்கும்போது முதலில் விரலால் சற்றுத் திருப்ப வேண்டும்; இல்லையென்றால் ஆயிலின் ஒட்டுதலால் ராடைக் கீழே தாங்கும் டேப்பட்டும் கூடவே கிளம்பி, தன் குழியை விட்டு வெளியே வந்து விழும். பிறகு அதைத் தேட பக்க மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும். ஹெட் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டலாம். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்புவதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கீறல் போதும், புதுக் கேஸ்கட்டும் அங்கே கசியும். இரும்பு ஹெட் நல்ல கனம். நேராக மேலே தூக்க இருவர் இருப்பது நல்லது.

கேஸ்கட்டில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர் ஓட்டைகளுக்கு இடையே கறுப்புக் கோடு ஒன்று தெளிவாக எரிந்திருந்தது. அதிலிருந்து ஒரு கிளை அருகிலிருந்த தண்ணீர் ஓட்டை வரை போயிருந்தது. சோதனைகள் சொன்னது அப்படியே கண்ணில் பட்டது. பழைய கேஸ்கட்டுகள் செப்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் செய்யப்பட்டவை. அதை உலர்ந்த நிலையில் சுரண்டினாலும் உப்புக் காகிதத்தால் தேய்த்தாலும் பறக்கும் நார்த்தூள் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. எப்போதும் நன்றாக நனைத்து, முகமூடி அணிந்து, மெதுவாகச் சுரண்டி எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். காற்றழுத்தக் குழாயால் ஊதும் வழக்கத்தை இந்த வேலையில் அறவே விட்டுவிட வேண்டும்.

ஹெட்டை லேத் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன் நாமே அளந்து பார்ப்பது பயனுள்ளது. நேரான எஃகு அளவுகோலை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாக்கிலும் குறுக்கிலும் இரு மூலைவிட்டங்களிலும் வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு, அதாவது சுமார் 0.05 முதல் 0.08 மில்லிமீட்டர் வரை பொதுவாகப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் ஃபேஸிங், அதாவது பரப்பைச் சீவிச் சமமாக்குவது, தேவை. எங்கள் ஹெட்டின் நடுவில் அந்த எல்லையைத் தாண்டிய பள்ளம் இருந்தது. கோவையில் இந்த வேலைக்குப் பட்டறைப் பஞ்சம் இல்லை. ஆனால், தேவையான அளவு மட்டும் எடுக்கச் சொல்லி, அருகில் நின்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. ஹெட்டை அதிகம் சீவினால் கம்ப்ரஷன் விகிதம் கூடி எஞ்சின் தட்டத் தொடங்கும். அடுத்த முறை சீவவும் இரும்பு மிச்சமிருக்காது.

பலர் மறக்கும் இடம் பிளாக்கின் மேற்பரப்பு. ஹெட் நட்டுகள் ஏறும் மரைக் கம்பியான ஸ்டட் இறுக்கப்பட்டிருக்கும் துளையைச் சுற்றி, பல்லாண்டு இழுவிசையால் இரும்பு சிறு வளையம்போல் மேலெழும்பியிருக்கும். ஹெட் எவ்வளவு சமமாக இருந்தாலும் அந்த மேடுகளின்மேல் அமர்ந்தால் நடுவில் அழுத்தம் விழாது. ஒரே ஸ்டட்டில் இரண்டு நட்டுகளைப் போட்டு ஒன்றோடொன்று பூட்டி, கீழ் நட்டைத் திருப்பி ஸ்டட்டைக் கழற்றிய பின், துளையின் வாயைச் சற்றே சரிவாகச் செதுக்கினால் அந்த மேடு போய்விடும். துளையின் அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருக்கவே கூடாது. ஸ்டட்டை இறுக்கும்போது அதற்குப் போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். மரை நீண்டுபோயிருந்த இரண்டு ஸ்டட்டுகளை மாற்றினோம். கேஸ்கட்டையும் ஸ்டட்டுகளையும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் உறவினர் ஒருவர் வாங்கி அனுப்பினார்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பழைய முறை ஒன்று இன்றும் பயன்படுகிறது. வால்வுகள் மூடும்போது அமரும் இருக்கைகளுக்கு இடையே மண்ணெண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளைப் பூசினால், விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் கோடாக ஊறி வெளியே வரும். நல்லவேளையாக எங்கள் ஹெட்டில் அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் எக்ஸாஸ்ட் வால்வுகள் இருக்கைக்குள் இறங்கியிருந்தன. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிறந்தது. ஈயப் படிவு வால்வு இருக்கைக்கு ஒரு மெத்தைபோல் உதவியது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல்தான். வார்ப்பிரும்பு இருக்கைகள் அதனால் மெல்லத் தேய்கின்றன. ஹெட் எப்படியும் பட்டறையில் இருப்பதால், கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் இருக்கை வளையங்களை அப்போதே பொருத்தச் சொன்னோம். தனியாக இதற்கென்று ஹெட்டைக் கழற்றுவது வீண்; கழற்றிய பிறகு செய்யாமல் விடுவதும் வீண்.

புதுக் கேஸ்கட்டில் எந்தப் பக்கம் மேலே, எந்த முனை முன்னே என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து வைத்து, எண்ணெய்ப் பாதையும் தண்ணீர் ஓட்டைகளும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை சரிபார்க்க வேண்டும். பரப்புகள் உண்மையிலேயே சமமாகவும் சுத்தமாகவும் இருந்தால் பசை எதுவும் தேவையில்லை. சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது; பிதுங்கி உள்ளே விழும் துண்டுகள் எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்புக்குப் போய், பம்ப்பின் வலையை அடைத்த எஞ்சின்களை மெக்கானிக்குகள் எல்லாருமே பார்த்திருப்பார்கள். நட்டுகளின் மரையில் லேசாக ஆயில் தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கையேட்டில் உள்ள வரிசையில், மூன்று கட்டங்களாக இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினோம். கைப்பழக்கத்தால் சரியாக இறுக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனாலும் டார்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்குவதில் வெட்கமில்லை.

ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே விடும் டேப்பட் இடைவெளிக்கு இந்த எஞ்சினில் 9 என்ற கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்திருக்கும்போது இரண்டு. இப்படிக் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. இடைவெளி 0.015 அங்குலம். எஞ்சின் ஓடிச் சூடேறிய பின் கேஸ்கட் நசுங்கி அமர்வதால், ஹெட் நட்டுகளை மீண்டும் ஒருமுறை வரிசைப்படி இறுக்க வேண்டும். அப்போது ராக்கர் தாங்கிகளும் சேர்ந்து இறங்குவதால் டேப்பட் இடைவெளியும் மாறிவிடும். அதையும் மறுபடி பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இதையே இன்னொருமுறை செய்தோம். அப்போதும் சில நட்டுகள் சற்று நகர்ந்தன.

இவ்வளவு செய்தாலும் சூட்டின் காரணத்தைத் தீர்க்காவிட்டால் அடுத்த மலைப் பயணத்தில் கேஸ்கட் மறுபடி எரியும். ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது குழாய்களில் கணிசமானவை உப்பால் அடைபட்டிருந்தன. சூடான ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தால் அடைபட்ட பகுதி மட்டும் குளிர்ந்திருக்கும். இதைக் கழற்றாமலேயே அறியலாம். கம்பி விட்டுச் சுத்தம் செய்து மீண்டும் ஈயம் வைத்து மூடினார்கள். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை குறைவு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுவது, உள்ளே சுண்ணாம்பு பூசுவதற்குச் சமம். இப்போது டிஸ்டில்டு வாட்டரும் துரு தடுக்கும் கூலண்டும் மட்டுமே ஊற்றுகிறோம். ரேடியேட்டர் மூடி மாற்றப்பட்டது. தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகத்துக்கேற்ப இக்னிஷனை முன்கூட்டித் தரும் எடைகள் துருப்பிடித்து அசையாமல் நின்றதையும் கண்டோம். தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் நீண்டு, சூடு எக்ஸாஸ்ட் பாதையில் குவியும். கேஸ்கட் எரிந்த அதே இடம். முன்பு யாரோ, தண்ணீர் சூடேறிய பிறகே ரேடியேட்டருக்குப் போக வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். கொதிக்கும் வண்டிக்கு நம் பட்டறைகள் தரும் முதல் மருந்து அதுதான். ஆனால் அடைபட்ட ரேடியேட்டருக்கு அது தீர்வாகாது. சமவெளியில் எஞ்சின் குளிர்ந்தே ஓடி, பெட்ரோல் குடித்து, தேய்வதுதான் மிச்சம். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை மீண்டும் பொருத்தினோம்.

எண்ணெய்க் கசிவு தனிக் கதை. அழுக்கடைந்த எஞ்சினில் கசிவு எங்கே என்று சொல்ல முடியாது; ஃபேன் காற்று எல்லாவற்றையும் பின்னோக்கித் தள்ளிவிடும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி உலர்த்தி, முகப்பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டி வந்து பார்த்தால் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். மேலிருந்து கீழாகச் சரிசெய்து வர வேண்டும். கீழே தெரியும் கசிவுகளில் பாதி மேலிருந்து வடிந்தவை. ராக்கர் மூடியின் கார்க் கேஸ்கட்டை மூடியில் மட்டும் ஒட்டி, ஹெட்டில் ஒட்டாமல் விட்டால், அடுத்த முறை கிழியாமல் கழற்றலாம். பிளாக்கின் பக்கத்தில் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு நடு போல்ட்தான் பிடிக்கிறது. கசிகிறதே என்று அதை இறுக்க இறுக்க, தகடு நடுவில் குழிந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். எங்கள் மூடிகளைச் சமமான இரும்புப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கிய பின் புதுக் கார்க்கோடு மிதமாக இறுக்கினோம். கசிவு நின்றது. முன் டேப்பட் மூடியோடு சேர்ந்த மூச்சுக் குழாய் எண்ணெய்ப் பிசுக்கால் அடைந்திருந்ததையும் சுத்தம் செய்தோம். அது அடைந்தால் கிராங்க் அறையின் அழுத்தம் எந்த நல்ல கேஸ்கட்டையும் தள்ளிக் கசியவைக்கும்.

பின்பக்கத்தில் மட்டும் சிறு கசிவு இன்னும் இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் திருகு வெட்டு மட்டுமே உண்டு. எஞ்சின் நின்றதும் அந்த வெட்டுக்கு வேலை இல்லை. முன்பக்கம் உயர்ந்த சரிவில் நிறுத்தினால் சில சொட்டுகள் விழத்தான் செய்யும். அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்க வேண்டும். எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்து கிளட்ச் வழுக்கத் தொடங்கினால் இறக்கலாம் என்று விட்டு வைத்திருக்கிறேன். அதுவரை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கீழே ஒரு பழைய தகரத் தட்டு வைத்து, வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்த்துக்கொள்கிறேன்.